பார்பரா ஸ்கர்கா: தத்துவம் முதலில் வந்ததா, தூது முதலில் வந்ததா?

ஒரு வாசகர் கேட்டது: "இரண்டாம் உலகப் போரில் போலந்துத் தத்துவப் பேராசிரியை ஒருவர் தலைமறைவுப் படைக்குத் தூது போனார், பிடிபட்டுப் பத்து வருடம் சைபீரியாவில் கிடந்தார் என்று எங்கோ ஒரு வரி படித்தேன். பெயர் பார்பரா ஸ்கர்கா. தத்துவம் படித்தவருக்கு இந்த வேலை எதற்கு? அவருடைய தத்துவம்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டதா?"

4 மார்ச், காலை

அந்த வரியிலேயே இரண்டு திருத்தம் வேண்டும். அவர் அப்போது பேராசிரியை இல்லை. 1919 அக்டோபரில் வார்சாவில் பிறந்தவர். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது இருபது வயதுகூட முடியவில்லை. அன்றைய போலந்தின் வடகிழக்கு மூலையில் இருந்த வில்னோ நகரத்தில், ஸ்டெஃபான் பாதோரி பல்கலைக்கழகத்தில் தத்துவ மாணவி. அந்த நகரம்தான் இன்று லித்துவேனியாவின் தலைநகரம் வில்னியஸ். அடுத்தது, சைபீரியா. அவரை அனுப்பியது ரஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியில், வடக்கே கோமி பிரதேசத்திலுள்ள உக்தாவுக்கு. அப்புறம் கஜகஸ்தானுக்கு.

எல்லாரும் பனிக்காட்டை ஒரே பெயரில் சைபீரியா என்று சொல்லிவிடுகிறோம், அதை விட்டுவிடலாம். முதல் திருத்தம் அப்படி விடக்கூடியது இல்லை. "தத்துவவாதி தூதுப் பெண் ஆனார்" என்று சொல்லும்போது, எழுதி முடித்த புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு ஒருவர் போராடக் கிளம்பிய மாதிரி ஒரு படம் மனதில் வருகிறது. நடந்தது தலைகீழ். 24 வயதில் கைதானார். 36 வயதில் நாடு திரும்பினார். பட்டத்தை முடித்தது 1957இல். பெயர் சொல்லும் அவருடைய நூல்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. தூது போன ஒரு மாணவிதான், பத்து ஆண்டுகளுக்கு மேல் எல்லாம் பறிபோன பிறகு, தத்துவவாதி ஆனார்.

4 மார்ச், இரவு

"தூது போவது என்றால் என்ன செய்வார்கள்? கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் துணிச்சலைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

போலந்தின் தலைமறைவு ராணுவத்துக்கு ஆர்மியா க்ரயோவா என்று பெயர், தாயகப் படை. 1944இல் அதன் உச்சத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள். சீருடை கிடையாது, முகாம் கிடையாது, தொலைபேசியில் பேச முடியாது. ஒரு தளபதி பகலில் கணக்கு எழுதுபவராகவோ மரவேலை செய்பவராகவோ இருப்பார். அவர் இன்னொரு தளபதிக்கு ஒரு கட்டளை அனுப்ப வேண்டும் என்றால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும். அந்த ஆள் அநேகமாக ஒரு பெண்.

ஏன் பெண் என்பதற்கு வீரம் சார்ந்த விளக்கம் தேவையில்லை. ஜெர்மானியர் தெருவின் இரண்டு முனைகளையும் அடைத்துவிட்டு, நடுவில் சிக்கிய ஆட்களை லாரியில் ஏற்றி ஜெர்மனியில் வேலைக்கு அனுப்புவார்கள். வேலை செய்யும் வயதில் உள்ள ஆண் ஒருவன் பட்டப்பகலில் தெருவில் சும்மா நடந்தாலே கேள்வி வரும். காய்கறிப் பையோடு போகும் இளம்பெண் மேல் அவ்வளவு சீக்கிரம் கண் விழாது. பெண்களையும் பிடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், சுட்டார்கள். ஆனாலும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் அந்த ராணுவமே இயங்கியது.

செய்தியை மிக மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதுவார்கள், தேவைப்பட்டால் வாயில் போட்டு விழுங்கிவிடலாம். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது, புனைபெயர் மட்டும். ஒருவரை ஒருவர் அடையாளம் காண ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், சொல் மாறாமல் இருக்க வேண்டும். சந்திக்கும் வீடு ஒன்று, செய்தியைப் போட்டு வைக்கும் இடம் வேறொன்று. அந்த இடம் ஒரு கடையாக இருக்கலாம், தையல்காரர் வீடாக இருக்கலாம். ஒருவர் பிடிபட்டால் அவருக்குத் தெரிந்தது இரண்டு மூன்று பேரோடு நின்றுவிட வேண்டும். எனவே தூதுப் பெண் தான் எடுத்துப் போவதில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. முகவரிகளை எழுதி வைக்கக் கூடாது, எல்லாம் மனப்பாடம்.

ஸ்கர்கா அடிமட்டத்தில் செய்தி சுமந்ததோடு நிற்கவில்லை. வில்னோவில் இந்தத் தொடர்பு வலையை நடத்தும் பொறுப்பு வரை போனார். அது சுமப்பதை விட ஆபத்தானது. தூதுப் பெண்ணுக்குத் தெரிந்தது இரண்டு வீடு. வலையை நடத்துபவருக்கு எல்லா வீடும் தெரியும். பிடிபட்டால் வெளியே வரக் கூடாத முழு வரைபடமும் அவர் தலைக்குள்தான் இருக்கும்.

5 மார்ச்

போலந்துத் தலைமறைவு அமைப்பின் செய்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோன யான் கார்ஸ்கியை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்கிறார். சொல்லலாம், ஆனால் அது வேறு வகைத் தூது. கார்ஸ்கி எல்லை கடந்தவர். சட்டமும் ராஜதந்திரமும் படித்தவர், தத்துவம் இல்லை. 1942இல் வார்சாவின் யூதச் சேரிக்குள் இரண்டு முறை புகுந்து பார்த்தார். இஸ்பிட்சாவில் இருந்த இடைத்தங்கல் முகாமுக்குள்ளும் காவலாளி வேடத்தில் போய் வந்தார். பிறகு ஜெர்மனியையும் பிரான்சையும் கடந்து லண்டன் சேர்ந்தார். நுண்படச் சுருள் ஒரு சாவிக்குள் இருந்தது. ரயிலில் ஜெர்மன் பேசினால் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று, கிளம்பும் முன் பல் பிடுங்கிக்கொண்டு வீங்கிய வாயோடு பயணம் செய்தார். 1943 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டையே சந்தித்துத் தான் கண்டதைச் சொன்னார். கேட்டவர்கள் நம்பவில்லை, நம்பியவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

எல்லை கடந்த பெண்ணும் உண்டு, எல்ஷ்பியெத்தா சவாட்ஸ்கா. கணித ஆசிரியை. போர்க்காலத்தில் நூறு முறைக்கு மேல் எல்லைகளைத் தாண்டினார். லண்டன் போய், 1943 செப்டம்பரில் இரவு நேரம் விமானத்திலிருந்து பாராசூட்டில் போலந்துக்குள் குதித்தார். அப்படிக் குதித்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் அவர் ஒருவர்தான் பெண். போருக்குப் பிறகு 1951இல் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசே அவரைச் சிறையில் போட்டது, 1955 வரை வைத்திருந்தது. ஸ்கர்கா திரும்பி வந்ததும் அதே 1955தான். சவாட்ஸ்கா இறந்ததும் ஸ்கர்கா இறந்ததும் ஒரே ஆண்டில், 2009இல்.

இவர்கள் கதைகள் திரைப்படம் போல ஓடுகின்றன, அதனால் அதிகம் சொல்லப்படுகின்றன. ஸ்கர்கா செய்தது ஒரே நகரத்துக்குள், அதே தெருக்களில், ஒவ்வொரு நாளும். அது சொல்வதற்குச் சுவையாக இருக்காது. எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. ஒருமுறை துணிந்து எல்லை தாண்டுவது ஒரு வகை. நாளைக்கும் அதே மூலையில் அதே காவலனைத் தாண்டிப் போக வேண்டும் என்று தெரிந்தே இன்று தூங்குவது வேறு வகை.

7 மார்ச்

"ஜெர்மானியரை எதிர்த்தவரை ரஷ்யர்கள் ஏன் பிடித்தார்கள், இரண்டு பேருக்கும் எதிரி ஒருவன்தானே?" இதைக் கேட்காமல் யாரும் இந்தக் கதையைத் தாண்டிப் போக முடியாது.

வில்னோவின் ஐந்து ஆண்டுகளைப் பாருங்கள். 1939 செப்டம்பரில் சோவியத் படை நுழைந்தது. அக்டோபரில் நகரத்தை லித்துவேனியாவிடம் கொடுத்தது. டிசம்பரில் லித்துவேனிய அரசு போலிஷ் பல்கலைக்கழகத்தை மூடியது. ஸ்கர்காவின் படிப்பு அங்கே நின்றது, மீதி ரகசிய வகுப்புகள்தான். 1940 ஜூனில் சோவியத் மறுபடி வந்தது. 1941 ஜூனில் ஜெர்மனி. 1944 ஜூலையில் மறுபடி சோவியத். ஒரே வீட்டில் குடியிருந்து, நகராமலேயே, இத்தனை ஆட்சியைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள அட்டை, ஒரு காவல்துறை, ஒரு தேடப்படுவோர் பட்டியல்.

1944 ஜூலை 7 விடிவதற்கு முன் தாயகப் படை வில்னோ மேல் தாக்குதல் தொடங்கியது. நகரத்தின் பழைய கோட்டை வாசல் பெயரில் ஓஸ்த்ரா ப்ராமா நடவடிக்கை என்று அழைத்தார்கள். செஞ்சேனை வருவதற்குள் நகரைத் தாங்களே மீட்டு, வருபவர்களை வீட்டுக்காரர்களாக வரவேற்க வேண்டும் என்பது திட்டம். தனியாக முடியவில்லை. சோவியத் படையோடு சேர்ந்து தெருத்தெருவாகச் சண்டை போட்டு 13ஆம் தேதி நகரம் விழுந்தது. கோட்டைக் கோபுரத்தில் போலந்துக் கொடியை ஏற்றினார்கள், சோவியத் படையினர் அதை இறக்கினார்கள். 17ஆம் தேதி தாயகப் படைத் தளபதி அலெக்சாண்டர் க்ஷிஷனோவ்ஸ்கியைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுக் கைது செய்தார்கள். அவருடைய அதிகாரிகளையும் அதே நாளில் பிடித்தார்கள். வீரர்களின் ஆயுதம் பறிக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மியெத்னிகியில் அடைக்கப்பட்டு, பிறகு ரஷ்யாவின் கலுகாவுக்குப் போனார்கள். க்ஷிஷனோவ்ஸ்கி 1951இல் வார்சா சிறையில் இறந்தார்.

தோளோடு தோள் நின்று சண்டை போட்டு நான்கே நாள்.

மாஸ்கோவின் கணக்குப்படி வில்னோ இனி சோவியத் மண். அங்கே இருப்பவர்கள் சோவியத் குடிமக்கள். நாட்டை விட்டு வெளியேறி லண்டனில் இருக்கும் போலந்து அரசுக்கு விசுவாசமாக ஆயுதக் குழு வைத்திருந்தால் அது துரோகம். ஸ்கர்கா நகரத்திலேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். செப்டம்பரில் பிடித்தார்கள். விசாரணைச் சிறை, ராணுவத் தீர்ப்பாயம், பத்து வருடம்.

7 மார்ச், சற்றுப் பின்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். அதே இலையுதிர் காலத்தில், ஜெர்மானியருக்கு எதிராகத் தாயகப் படை வார்சாவில் நடத்திய எழுச்சி தோற்றது. 1944 அக்டோபர் 2 அன்று சரணடையும் உடன்பாட்டில், தாயகப் படையினரைப் போர்க்கைதிகளாக நடத்த ஜெர்மனி ஒப்புக்கொண்டது. பெண்களும் அதில் அடக்கம். அவர்களில் பலரை ஓபர்லாங்கன் முகாமில் வைத்தார்கள். 1945 ஏப்ரல் 12 அன்று அந்த முகாமை விடுவித்தது போலந்தின் முதலாம் கவசப் படைப்பிரிவு. உள்ளே 1,700க்கும் மேற்பட்ட பெண்கள். கதவைத் திறந்தவர்கள் அவர்களுடைய மொழியிலேயே பேசினார்கள்.

ஸ்கர்காவுக்கு அந்தப் போர்க்கைதி என்ற தகுதிகூட இல்லை. இத்தனைக்கும் லண்டனில் இருந்த போலந்து அரசு 1943லேயே பெண் தொண்டர்களை ராணுவத்தினராக ஏற்றிருந்தது. எதிரியிடம் சிக்கிய தோழி ஆறு மாதச் சொச்சத்தில் வெளியே வந்தாள். நேச நாட்டிடம் சிக்கியவர் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தார். நாஜிகளை நல்லவர்களாக்க இதை எழுதவில்லை. வார்சாவில் அவர்கள் கொன்ற பொதுமக்கள் லட்சத்துக்கும் மேல். சட்டப்படி நீ யார் என்று ஒரு தாளில் எழுதியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காக எழுதுகிறேன்.

10 மார்ச்

இந்தியாவுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா என்று ஒரு நண்பர். ஸ்கர்காவுக்கு நேரடியாக இல்லை. ஆனால் அதே கிழக்குப் போலந்திலிருந்து 1940-41இல் சோவியத் அரசு குடும்பம் குடும்பமாக நாடுகடத்திய மக்களில் ஒரு பகுதியினர் 1942இல் வெளியே வந்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கான அனாதைக் குழந்தைகளை ஜாம்நகர் மன்னர் பாலாசடியில் வைத்துக் காப்பாற்றினார். கோலாப்பூருக்கு அருகே வலிவடேயில் ஆயிரக்கணக்கானோர் தங்கினார்கள். சென்னையில் வாந்தா தினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி இருந்தார். உமாதேவி என்று பெயர் வைத்துக்கொண்டவர். 1944இல் இந்திய நூல்களைப் போலிஷுக்குக் கொண்டுவர ஒரு நூல்வரிசையை இங்கிருந்துதான் தொடங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இங்கே போதும்.

15 மார்ச்

முதல் குறிப்பில் எழுதியதற்குத் திரும்ப வருகிறேன். "தூது போன மாணவி பிறகு தத்துவவாதி ஆனார்" என்றேன். வரிசை சரிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதைப் படித்த ஒருவர், "அப்படியானால் போருக்கு முந்தைய படிப்புக்கு ஒன்றுமே மதிப்பில்லையா?" என்று கேட்டபோது யோசிக்க வேண்டியிருந்தது.

வில்னோவில் அவருடைய ஆசிரியர் ஹென்ரிக் எல்சென்பெர்க். அறவியலும் அழகியலும் சொன்னவர். மதிப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும் விருப்பம் இல்லை, உலகம் முழுக்க எதிர்த்தாலும் அது மதிப்புத்தான் என்று பிடிவாதமாக நின்றவர். தோற்கும் காரியத்துக்கும் கண்ணியம் உண்டு என்று நம்பியவர். போருக்குப் பிறகு தோருன் நகரத்தில் கவிஞர் ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட்டுக்கு ஆசிரியராக இருந்ததும் இவர்தான். அரசின் கண்ணில் பிடிக்காதவராகிச் சில ஆண்டுகள் கற்பிக்க முடியாமல் இருந்தார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் பத்தொன்பது, இருபது வயதில் படித்தால் அது உள்ளே போகாமல் இருக்காது. ஆனால் அது அவரைத் தூது போக "அனுப்பியது" என்று சொல்ல நான் தயாரில்லை. வில்னோவில் அதே வேலையைச் செய்த தபால் ஊழியர் மகளும், பள்ளி முடிக்காத தையல் பெண்ணும் எல்சென்பெர்க் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களும் அதே தாளை அதே வாயில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள். தத்துவம் படித்தவர் என்பதால் ஸ்கர்காவின் துணிச்சலுக்கு ஒரு சிறப்புக் காரணம் தேடுவது மற்றப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். கேள்வி கேட்டவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அவரை முதலில் படித்தபோது அதே ஆசை இருந்தது.

16 மார்ச்

வார்சாவில் வேலையில் இருந்த காலத்தில் ஒரு குளிர்கால விடுமுறைக்குப் பேருந்து பிடித்து வில்னியஸ் போயிருந்தேன். நகர நடுவில் சோவியத் ரகசியக் காவல்துறை இருந்த கட்டிடம் இன்று அருங்காட்சியகம். ஜெர்மானியர் காலத்தில் அவர்களுடைய ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது. வெளிச்சுவரின் அடிக்கற்களில் அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் சிறை அறைகள் அப்படியே இருக்கின்றன. லுகிஷ்கி சிறை அங்கிருந்து நடக்கும் தூரம். 2019 வரை அது சிறையாகவே இயங்கியது, இப்போது உள்ளே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது தூரங்கள்தான். பல்கலைக்கழக வாசலிலிருந்து அந்தக் கட்டிடத்துக்கு நிதானமாக நடந்தே போய்விடலாம். பழைய நகரின் சந்துகள் குறுகல், ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். இந்த ஊரில் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு ஐந்து வருடம் வாழ முடியாது. பால் வாங்கும் இடத்திலும் கோயில் வாசலிலும் தெரிந்த முகம்தான் எதிரே வரும். வலையை நடத்துவது பற்றி 4ஆம் தேதி எழுதியதை இந்தத் தெருக்களை நினைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள்.

மறுநாள் ரயிலில் பானேரியாய் போனேன், போலிஷில் பொனாரி. ஊருக்கு வெளியே காடு. 1941க்கும் 1944க்கும் இடையே அங்கே ஒரு லட்சம் பேர் வரை சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பெரும்பகுதி வில்னோவின் யூதர்கள். ஸ்கர்கா செய்தி சுமந்து நடந்த அதே ஆண்டுகளில். அதே நகரத்தில் யானினா ஹோசியாசன் என்ற தத்துவவாதியும் இருந்தார். நிகழ்தகவு, தொகுத்தறிதல் பற்றி உலகம் மதித்த கட்டுரைகள் எழுதியவர். யூதர். வார்சாவிலிருந்து தப்பி வில்னோவுக்கு வந்தார். 1941 செப்டம்பரில் பிடித்தார்கள், 1942இல் சுட்டார்கள். அவர் கணவர் அடோல்ஃப் லிண்டென்பாம், தர்க்க அறிஞர், அவரும் அந்தப் பகுதியிலேயே கொல்லப்பட்டார். தலைமறைவு வேலை செய்ய ஒரு பொய்ச் சான்றிதழும் நம்பகமான முகமும் வேண்டும். அந்த வாய்ப்பே மறுக்கப்பட்டவர்கள் அதே ஊரில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு ஸ்கர்காவைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

22 மார்ச்

"இவ்வளவு துன்பப்பட்டதால்தானே ஆழமான தத்துவவாதி ஆனார்? துன்பம் மனிதரைச் செதுக்குகிறது." இது ஒரு வாசகர் எழுதியது. மரியாதையோடு மறுக்கிறேன், கொஞ்சம் கோபத்தோடும்.

என் அம்மா நீண்ட நாள் படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்தவர்களில் சிலர் என்னிடம், இதெல்லாம் உன்னைப் பக்குவப்படுத்தும் என்று சொன்னார்கள். அம்மா காதில் விழும் தூரத்தில் சொன்னார்கள். ஒருவருடைய வலி இன்னொருவருடைய பக்குவத்துக்கு உரமாகப் போகிறது என்பதை எப்படி வாய் கூசாமல் சொல்ல முடிகிறது? அன்றிலிருந்து இந்த வாக்கியத்தை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

ஸ்கர்கா விஷயத்துக்கு வருகிறேன். உக்தாவில் முகாம் மருத்துவமனையில் செவிலியாக வேலை செய்திருக்கிறார். அதுதான் அவரை உயிரோடு வைத்தது என்று சொல்லலாம், கூரைக்குக் கீழே வேலை என்பதே அங்கே உயிர். பிறகு கஜகஸ்தானில் பல்காஷ் பக்கம். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் விடவில்லை, ஒரு கூட்டுப்பண்ணையில் கட்டாயக் குடியிருப்பு. ஸ்டாலின் இறந்து இரண்டு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, 1955 இறுதியில்தான் போலந்து. ஒரு மனிதர் படிக்க, எழுத, காதலிக்க, பிழை செய்ய, திருத்திக்கொள்ள இருக்கும் வயது அத்தனையும் போய்விட்டது. 25 முதல் 36 வரை வார்சா நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த மூளை என்னென்ன எழுதியிருக்கும்? அந்த இழப்பை "செதுக்கல்" என்று கணக்கு எழுதக் கூடாது.

முகாம் பற்றி அவர் எழுதிய நினைவுநூல் 1985இல் பாரிஸிலுள்ள போலிஷ் புலம்பெயர் பதிப்பகத்தில் வந்தது. தலைப்பு 'விடுதலைக்குப் பிறகு'. அட்டையில் விக்தோரியா க்ராஷ்னியெவ்ஸ்கா என்று வேறு பெயர். போர் முடிந்து நாற்பது வருடம் கழித்தும், தன் நாட்டுக்குள் இருந்துகொண்டு தன் பெயரில் அதைச் சொல்ல முடியாத நிலை. அந்த நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் தொனி. தன்னைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார். முகாம் என்ற அமைப்பு எப்படி வேலை செய்கிறது, அங்கே மருத்துவமனை என்றால் என்ன, உழைப்பு என்றால் என்ன, காதல் என்ன ஆகிறது, யார் யாரை மிதித்து நிற்கிறார்கள் என்று ஒரு ஆய்வாளர் மாதிரி பிரித்துப் பிரித்து எழுதுகிறார். புலம்பல் இல்லை. தன்னைப் புனிதராக்கவும் இல்லை.

23 மார்ச்

நேற்று எழுதியது கடுமையாக இருந்தது என்று இருவர் சொன்னார்கள். கருத்தில் மாற்றமில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். துன்பம் அவரைத் தத்துவவாதி ஆக்கவில்லை என்றால் முகாமின் தடமே அவர் தத்துவத்தில் இல்லை என்று ஆகிவிடாது.

திரும்பி வந்தவர் முதலில் எதை எடுத்தார் தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நேர்க்காட்சிவாதம், அதாவது அறிவியல் வழியில் உறுதி செய்யக்கூடியதே அறிவு என்ற கொள்கை. போலந்தில் அது பிறந்த வரலாறு, பிறகு பிரான்சின் தத்துவவாதிகள், முதலில் ஒகுஸ்த் கோம்த், அங்கிருந்து பெர்க்சன். முகாமிலிருந்து வந்த ஒருவர் தீமை பற்றி, மரணம் பற்றி எழுதுவார் என்று எதிர்பார்ப்போம். அவர் காப்பகங்களில் உட்கார்ந்து, மறந்துபோன மருத்துவர்களும் பொறியாளர்களும் அறிவியலைப் பற்றி என்ன நம்பினார்கள் என்று தேடினார். 1960களின் போலந்தில் கருத்துகளின் வரலாறு என்பது ஓரளவு மூச்சு விடக்கூடிய இடம். கொலகோவ்ஸ்கி, பாச்கோ, வாலிட்ஸ்கி போன்ற போலந்துச் சிந்தனையாளர்கள் எல்லாரும் அந்த வட்டம்தான். நேரடியாக இன்றைய அரசைப் பற்றிப் பேச முடியாதபோது ஒரு பழைய நூற்றாண்டின் வழியாகக் கேள்வி கேட்கலாம். அது ஒரு காரணமாக இருக்கலாம். தேதியும் ஆவணமும் ஆதாரமும் உள்ள ஒரு வேலை, பத்து வருடப் பொய்யான விசாரணைத் தாள்களுக்குப் பிறகு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது என் ஊகம் மட்டும்.

தீமை, அடையாளம், காலம், தடயம், பிறருக்கான பொறுப்பு, இவையெல்லாம் எழுபதை நெருங்கும்போதும் தாண்டியும்தான் வருகின்றன. ஹைடெக்கர், லெவினாஸ் என்ற தத்துவவாதிகளோடு வாதாடிக்கொண்டே எழுதினார். 2002இல் தடயத்தையும் இருப்பையும் பற்றி ஒரு நூல், 2007இல் மனிதன் அழகிய விலங்கு அல்ல என்று பெயரிட்ட கட்டுரைத் தொகுப்பு, 2009இல் சாகும் வரை எழுத்து. தூதுப் பெண்ணின் வாழ்க்கையே தடயம் விடாமல் நடப்பதுதானே, அவர் தடயம் பற்றி எழுதியதை இதோடு முடிச்சுப் போடலாமா என்று ஒரு நாள் முழுக்க ஆசையாக இருந்தது. போடவில்லை. அந்த நூலில் அவர் பேசுவது கடந்துபோனது எப்படி இங்கே இல்லாமலேயே நம்மைத் தொடுகிறது என்பதைப் பற்றி. அதை ஒரு வாழ்க்கைச் சம்பவத்துக்கு விளக்கவுரை ஆக்கினால் நூல் சிறுத்துப்போகும்.

30 மார்ச்

சிறு கேள்விகளுக்குச் சுருக்கமாக.

நடிகை ஹன்னா ஸ்கர்ஷங்கா அவருடைய அக்காதான். தம்பி எத்வார்தும் நடிகர். குடும்பம் சீர்திருத்தக் கிறித்தவ மரபைச் சேர்ந்தது, கத்தோலிக்கர் நிறைந்த போலந்தில் மிகச் சிறுபான்மை.

ஆம், 1995இல் நாட்டின் உயர்ந்த விருதான வெண்கழுகு விருது கொடுத்தார்கள். அவர் பெயரில் சிந்தனைக்கான ஓர் அறக்கட்டளையும் இயங்குகிறது.

ரஷ்யர்களை வெறுத்தாரா? நினைவுநூலில் ரஷ்யர், உக்ரேனியர், ஜெர்மானியர் என்று எல்லா இனத்துக் கைதிகளும் வருகிறார்கள். உதவியவரை உதவியவராகவும் காட்டிக்கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தவராகவும் எழுதுகிறார். இனத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வதில்லை. அந்த அரசமைப்பை மன்னிக்கவும் இல்லை.

6 ஏப்ரல்

போலந்தின் மற்றத் தத்துவவாதிகள் போரில் என்ன செய்தார்கள் என்று கேட்டவருக்கு. பெரும்பாலோர் கற்பித்தார்கள். வார்சாவில் பல்கலைக்கழகத்தை மூடிய பிறகு வீட்டுக் கூடங்களில் ஐந்தாறு பேரை வைத்துத் தேர்வு வரை நடத்தினார்கள். பிடிபட்டால் முகாம். கோதார்பின்ஸ்கி, தாதார்கியேவிச் எல்லாரும் அப்படித்தான். எழுச்சிக்குப் பிறகு வீட்டை விட்டுத் துரத்தப்பட்டபோது தாதார்கியேவிச்சின் கைப்பிரதியை ஒரு ஜெர்மன் சிப்பாய் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். அவர் உயிரைப் பணயம் வைத்து அதை எடுத்துக்கொண்டார். மகிழ்ச்சி என்றால் என்ன என்பதைப் பற்றிய நூல் அது, பிறகு அச்சானது. தர்க்க அறிஞரும் பாதிரியாருமான யான் சலமூகாவை 1944 ஆகஸ்டில் எழுச்சியின்போது கொன்றார்கள்.

ஸ்கர்காவுக்கு மிக அருகில் வருபவர் இசிதோரா தாம்ப்ஸ்கா. ல்வூவ் நகரத்தவர் (இன்று உக்ரைனின் லிவிவ்), போருக்கு முன்பே தேர்ந்த தத்துவவாதி. தாயகப் படையில் இருந்தார், ரகசியமாகக் கற்பித்தார், போருக்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு அவரை இரண்டு முறை வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது, இரண்டாவது 1964இல் கிராகூவில். முதல் கேள்வி கேட்டவர் மனதில் வைத்திருந்த படம், அதாவது ஏற்கெனவே தத்துவவாதியாக இருந்தவர் போராட்டத்துக்குப் போவது, இவருக்குத்தான் உண்மையில் பொருந்தும். ல்வூவ் பின்னணியும் அவருடைய ஆசிரியர் த்வார்தோவ்ஸ்கியும் இல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. அதைத் தனியாக எழுதுகிறேன்.